ஒரு புங்கமரமும் கோடில்லா நோட்டும்: மாணவர்களுக்கு ஓவியத்தோடு அறிவியல் – முழுமையான வழிகாட்டி

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு இலையை வரையச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் வரைந்து தருவார்கள். இலைக்காம்பு, நடுநரம்பு, கிளை நரம்பு, அம்புக்குறி, பெயர் எல்லாம் சரியாக இருக்கும். இது எந்த மரத்து இலை என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அது புத்தகத்து இலை, எந்த மரத்திலும் துளிர்க்காதது.

பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. பாடம் நடக்கும் வரிசையே அப்படி: முதலில் பெயர், அடுத்து வரையறை, கடைசியில் படம். இந்த வழிகாட்டி அதைத் தலைகீழாகப் போடுகிறது. முதலில் வரைய வேண்டும், அப்புறம் அளக்க வேண்டும், பெயர் கடைசியில் வந்தால் போதும். ஓவிய வகுப்பையும் அறிவியல் வகுப்பையும் ஒரே நோட்டில், ஒரே மரத்தடியில் நடத்துவதுதான் மொத்தத் திட்டமும். பல பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் வாரத்தில் சில நாள்தான் வருவார். அதனால் அறிவியல் ஆசிரியர் தனியாகவே நடத்தும்படி எழுதியிருக்கிறேன். பசுமைப்படை, சுற்றுச்சூழல் மன்றம் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

1. மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு வகுப்புக்கு ஒரு மரம், அதுவும் ஆண்டு முழுக்க அதே மரம். வாரம் ஒரு புது இடத்துக்குக் கூட்டிப்போனால் அது சுற்றுலா ஆகிவிடும். பார்த்ததையே திரும்பப் பார்க்கும்போதுதான் மாற்றம் கண்ணில் படும்.

தமிழ்நாட்டுப் பள்ளி வளாகங்களில் பெரும்பாலும் வேம்பு, புங்கை, பூவரசு, தூங்குமூஞ்சி, பாதாம் இவற்றில் ஒன்றாவது இருக்கும். என்னைக் கேட்டால் புங்கைதான் முதல் தேர்வு. கிளை கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும், கீழே நிழல் அடர்த்தியாக இருக்கும், இலையைத் தொட்டால் அரிக்காது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் பழைய இலை கொட்டி, பளபளவென்று புது இலை விட்டு, பின்னாலேயே பூக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது புது இலைகள் முற்றியிருக்கும், அவற்றின் மேல் பூச்சிகளும் நுண்பேன்களும் (ஆங்கிலத்தில் மைட், தலைப்பேன் இல்லை) வேலையைத் தொடங்கியிருக்கும். அந்த வேலைதான் நம் பாடம்.

மரமே இல்லாத பள்ளியா? மதில் சுவரில் முளைத்த அரசங்கன்று, பைப்படியில் வளரும் கீழாநெல்லி, கொடியில் படர்ந்த அவரை எதுவும் ஆகும். தொட்டிச் செடியை மட்டும் எடுக்காதீர்கள். யாராவது தண்ணீர் ஊற்ற மறந்தால் ஆண்டுத் திட்டம் அதோடு முடிந்தது.

2. நோட்டு, பொருட்கள், அனுமதி

ஏ4 வெள்ளைத் தாள் இருபதை நடுவில் மடித்து, கோணி ஊசியால் நூல் கோத்துத் தைத்தால் நாற்பது இலையில் கோடில்லா நோட்டு ரெடி. மேலே பழைய காலண்டர் அட்டை. கோடு போட்ட நோட்டு வேண்டாம்; கோட்டைப் பார்த்தாலே பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள், வரைய மாட்டார்கள். அடிக்கு வைத்துக்கொள்ள பரீட்சை அட்டை, ஒரு பென்சில், ஸ்கேல், கிராஃப் தாள். ரப்பரை முதல் மாதம் வகுப்பிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தப்பான கோடு இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்தில் சரியான கோட்டைப் போடலாம்.

ஐந்து பேருக்கு ஒரு பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெருக்குவது கிடைத்தால் நல்லது.

தலைமையாசிரியரிடம் கேட்கும்போது 'இயற்கை நடை' என்று கேட்காதீர்கள். 'ஒன்பதாம் வகுப்பு வளரறி மதிப்பீட்டுக்கான செயல்பாடு' என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், அனுமதியும் சீக்கிரம் கிடைக்கும். பத்தாம் வகுப்பை இதில் இழுக்க வேண்டாம். பொதுத்தேர்வு ஆண்டில் யார் மனமும் மரத்தடியில் நிற்காது.

பாதுகாப்பு விஷயத்தில் சில கறார்கள்: எருக்கு, அரளி பக்கம் யாரும் போகக்கூடாது, அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. முருங்கையில் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். சருகைக் கையால் கிளறக்கூடாது, குச்சியால் மட்டும். பூதக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. இதைத் தினமும் சொல்ல வேண்டும்.

3. முதல் வகுப்பு: தாளைப் பார்க்காமல் வரைதல்

ஆளுக்கு ஒரு புங்க இலை. காம்போடு முழுசாக இருக்க வேண்டும். இடது கையில் இலை, வலது கையில் பென்சில். பார்வை இலையின் ஓரத்தில் மெல்ல ஊர்ந்து போக வேண்டும், பென்சிலும் அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும். ஐந்து நிமிடம் தாளைக் குனிந்து பார்க்கக்கூடாது.

வரும் படம் கோணல்மாணலாக இருக்கும். வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். 'எனக்கு ட்ராயிங் வராது சார்' என்ற பிள்ளையின் படமும் நன்றாக வரையும் பிள்ளையின் படமும் இப்போது ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் பயம் போனால் போதும், பாதி வேலை முடிந்தது.

அடுத்த பக்கத்தில் அதே இலையை, இம்முறை தாளையும் பார்த்து, நிஜ அளவில் வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்ததும் படத்தைச் சுற்றி மூன்று விதமான குறிப்புகள்: என்ன பார்த்தேன், எது புரியவில்லை, எதைப் போல இருக்கிறது. பக்கத்தின் தலைப்பில் தேதி, நேரம், வானம் எப்படி, காற்று எப்படி. நேரம் குறிக்காத பக்கத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

'எதைப் போல' என்ற கேள்வியைப் பலர் தமிழ் வகுப்புக்கு ஒதுக்கிவிடுவார்கள். அறிவியலுக்கும் அது வேண்டும். குறுந்தொகையின் 53ஆம் பாட்டில், வீட்டு முற்றத்துப் புங்கமரத்தின் பூ வெண்மணலில் உதிர்ந்து கிடப்பது, வேலன் வெறியாடும் களத்தில் செந்நெல் பொரி சிதறிக் கிடப்பது போல என்று வருகிறது. பூ உதிரும் பருவத்தில் கைப்பிடி நெல்பொரி வாங்கி வந்து மரத்தடியில் பூவுக்குப் பக்கத்தில் கொட்டிப் பாருங்கள். அளவு, நிறம், சிதறும் விதம் மூன்றையும் பிள்ளைகளே ஒப்பிட்டு, அந்த உவமை எவ்வளவு சரி என்று எழுதட்டும்.

வரைவது அறிவியல் வேலையா என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருந்தொகுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரையே ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் சூட்டினார். பூவைப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் பெரிதாக்கி அவர்கள் வரைந்ததை வைத்துத்தான் தாவரவியலாளர்கள் இனம் பிரித்தார்கள்.

4. அளக்கும் வாரங்கள்

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எண் உள்ளே வர வேண்டும். முதலில் எளிய எண்ணிக்கை: ஒரு காம்பில் எத்தனை சிற்றிலை? ஐந்து, ஏழு என்று சொல்வார்கள். யாராவது ஆறு என்றால் விடாதீர்கள், காம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று உதிர்ந்த தழும்பு இருக்கும். ஜோடி ஜோடியாக எதிரெதிரே அமைந்து, நுனியில் ஒன்று தனியாக நிற்பதால்தான் ஒற்றைப்படை வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாடப்புத்தகம் கூட்டிலை என்று சொல்வது இதைத்தான். ஆனால் அந்தச் சொல்லை இப்போது எடுக்காதீர்கள்.

அடுத்தது முடிச்சுகள். புங்க இலையின் மேல் பச்சையாகவோ பழுப்பாகவோ சின்னச் சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்ல மரம் என்றால் ஒரே சிற்றிலையில் இருபது முப்பது இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரே ஒரு விரலை மட்டும் பத்து மடங்கு பெரிதாக வரையச் சொல்லுங்கள். பிறகு நீங்களே பிளேடால் ஒன்றைக் குறுக்காக அறுத்துக் காட்டுங்கள். உள்ளே பொந்தாக இருக்கும்.

அது ஒரு நுண்பேனின் வீடு. கால் மில்லிமீட்டர்கூட நீளமில்லாத அந்த உயிரி இலையைக் கடிக்க, மரம் தன் திசுவையே வளர்த்து அதைச் சுற்றி வீடு கட்டித் தருகிறது. சிலந்திக் குடும்பத்துக்கு எட்டுக் கால் என்றுதானே படித்திருக்கிறார்கள்? நுண்பேன்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் முடிச்சுப் போடும் இந்த வகைக்கு நான்கே கால்கள். பள்ளி நுண்ணோக்கி வேலை செய்தால் பொந்தின் உட்பக்கத்தை ஊசியால் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துத் தேடுங்கள். எப்போதும் கிடைக்காது. கிடைத்த அன்று அடுத்த பீரியட் ஆசிரியரிடம் பத்து நிமிடம் கடன் வாங்குங்கள்.

இதில் ஒரு நேர்மையான ஆய்வு இருக்கிறது. குழுவுக்கு முப்பது சிற்றிலை: ஒரு குழு தாழ்ந்த கிளையில், இன்னொன்று எட்டிப் பிடிக்கும் உயரத்தில், வேறொன்று சாலைப் பக்கத்துக் கிளையில். கண்ணில் நன்றாகப் படும் இலையையே பிள்ளைகள் பறிப்பார்கள், அது ஒருதலைப்பட்சம். கிளை நுனியிலிருந்து மூன்றாவது காம்பை மட்டும் எடுக்க வேண்டும் என்பது போல ஒரு விதியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். முடிச்சு எண்ணிக்கையைப் பட்டை வரைபடமாகப் போட வேண்டும், அதுவும் கிராஃப் தாளில் இல்லை, முன்பு வரைந்த இலைப் படத்துக்குப் பக்கத்திலேயே.

முடிச்சு குறைவாக உள்ள மரமாக இருந்தால் வீட்டிலிருந்து எலுமிச்சை அல்லது நார்த்தை இலை கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோடு இருக்கும். ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு, இலையின் மேல் தோலுக்கு அடியிலேயே தின்றுகொண்டு போன பாதை அது. கோட்டின் தொடக்கத்தில் அகலம் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு? புழு வளர வளரப் பாதையும் அகலமாகிறது. நடுவே கறுப்பு நூல் போல ஓடுவது அதன் எச்சம். பாதை முடியும் இடத்தில் இலையோரம் மடிந்திருந்தால், கூட்டுப்புழு அங்கே இருந்திருக்கிறது அல்லது இன்னும் இருக்கிறது. முழு வளர்ச்சி வரைபடத்தையும் புழுவே வரைந்து வைத்துவிட்டது, நாம் ஸ்கேல் வைத்துப் படித்தால் போதும். நூலை அந்த வளைவுகளின் மேல் வைத்து நீளம் எடுப்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை.

இலைப் பரப்பளவைக் கிராஃப் தாளில் கட்டம் எண்ணிக் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதிக்கு மேல் நிரம்பிய கட்டத்தை ஒன்றாக எண்ணுங்கள், பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள்.

5. மஞ்சளும் வெயிலும்

இந்தப் பகுதிக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள், மேகமில்லாத நாளாகப் பார்த்து. சட்டையில் குழம்பு கொட்டிய மஞ்சள் கறை எப்படிப் போகும் என்று முதலில் கேளுங்கள். துவைத்து வெயிலில் காயப்போட்டால் தானே போகும் என்று நாலு பேராவது சொல்வார்கள். அந்த அறிவிலிருந்துதான் ஒளிப்படம் எடுக்கப் போகிறோம்.

செடிச் சாற்றை ஒளி எப்படி வெளுக்கிறது என்று ஜான் ஹெர்ஷல் இங்கிலாந்தில் ஆராய்ந்து 1842இல் வெளியிட்டார். அதே வழிதான் இதுவும், நம் சமையலறைச் சரக்கோடு.

நான்கு டீஸ்பூன் மஞ்சள் தூளை 100 மில்லி சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்குங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம், ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். ஒரு குவளையில் தண்ணீர், இன்னொன்றில் ஸ்பிரிட் என்று இரண்டையும் காட்டினால் கரைதிறன் பாடம் தனியாக எடுக்க வேண்டாம். ஸ்பிரிட் நெருப்புப் பிடிக்கும், குடித்தால் விஷம். ஆகவே கலக்கும் வேலை ஆசிரியருடையது, ஜன்னல் திறந்த அறையில், அடுப்போ தீக்குச்சியோ பக்கத்தில் இல்லாமல். துணியில் வடிகட்டி, தடித்த வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் ஒரு கை பூசி, காய்ந்ததும் இரண்டாவது கை. பூசுவதும் காயவைப்பதும் வெயில் படாத இடத்தில்.

காய்ந்த தாளின் மேல், முந்தைய வாரமே புத்தகத்தில் வைத்து அழுத்திய இலையை வையுங்கள். பச்சை இலை வேண்டாம், வெயிலில் வியர்த்துத் தாளைக் கறையாக்கும். மேலே ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டு, கீழே அட்டை, நான்கு பக்கமும் கிளிப். பத்து மணிக்கு வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் இலை மூடாத இடம் வெளுக்கத் தொடங்கும். நன்றாக வெளுக்க மாலைகூட ஆகலாம். எடுத்துப் பார்த்தால் வெளிர் தாளில் மஞ்சள் இலை.

இப்போதுதான் கைதட்டல் வரும் இடம். நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் (போராக்ஸ்) கிடைக்கும். ஒரு டீஸ்பூனை 200 மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, பிரஷ்ஷால் மெல்லத் தடவுங்கள். வெளுக்காமல் நின்ற மஞ்சள் செம்பழுப்பாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதற்கு நெருங்கிய சொந்தம் இது. சுண்ணாம்புத் தெளிநீரையும் இன்னொரு துண்டில் தடவி, ஒரு வாரம் கழித்து எந்த நிறம் நிலைத்தது என்று பார்க்கலாம். வெண்காரம் வாய்க்குப் போகக்கூடாது, கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

படம் எடுத்ததோடு நிறுத்தினால் அது கைவேலை. அதே தாளில் ஒரு நீளத் துண்டை வெட்டி, அட்டையால் மூடி, அரைமணிக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். படிப்படியாக வெளுத்த ஏணி கிடைக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதற்கு எண் வேண்டுமே? மஞ்சள் கரைசலைப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று ஸ்பிரிட் சேர்த்து நீர்க்கச் செய்து, ஐந்து கட்டம் பூசி, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டால் அதுதான் அளவுகோல். பூசும் கை சீராக இல்லாவிட்டால் அளவு தப்பும் என்பதால் ஓவியத்தில் கெட்டிக்காரப் பிள்ளை இங்கே குழுத் தலைவர். அலமாரிக்குள் ஒரு துண்டு கட்டாயம் இருக்க வேண்டும். வெயிலா, காற்றா எது வெளுத்தது என்ற சண்டையை அதுதான் தீர்க்கும்.

ஆர்வமுள்ள குழுவுக்கு இன்னொன்று: நீலக் கண்ணாடித்தாளுக்குக் கீழே ஒன்று, சிவப்புத்தாளுக்குக் கீழே ஒன்று. குர்குமின் அதிகம் உறிஞ்சுவது நீல, ஊதா ஒளியை. அதனால் சிவப்பின் கீழ் உள்ளது மெதுவாகத்தான் வெளுக்க வேண்டும். விடையை முன்பே சொல்லிவிடாதீர்கள். பீட்ரூட், செம்பருத்தி, பசலைப்பழம் என்று சாறுகளையும் மாற்றிப் பார்க்கலாம்.

படங்கள் வெளிச்சத்தில் தொடர்ந்து மங்கும், நோட்டுக்குள் மூடியே வைக்க வேண்டும்.

6. நிறத்தைத் துரத்துவது, சத்தத்தை வரைவது

பூவரசு பக்கத்தில் இருந்தால் ஒருநாள் முழுக்க ஒரே பூவைப் பின்தொடரலாம். காலையில் விரிந்த மஞ்சள் பூவின் காம்பில் நூல் கட்டி, ஒவ்வொரு இடைவேளையிலும் ஒருவர் ஓடிப்போய், அப்போதைய நிறத்தை வாட்டர் கலரில் கலந்து ஒரு சதுரம் பூசி நேரம் எழுத வேண்டும். மாலைக்குள் மஞ்சள் மெல்லச் சிவந்துகொண்டு வரும். சதுரங்களை வரிசையாக ஒட்டினால் ஒரு நாளின் நிறப்பட்டை. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதவும் ஐந்து நிமிடம் கொடுங்கள், எப்படியும் ஊதத்தான் போகிறார்கள்.

சத்தப் படத்துக்குச் செலவே இல்லை. தாளின் நடுவில் 'நான்' என்று ஒரு புள்ளி. கண்ணை மூடிப் பத்து நிமிடம். எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் சத்தம் கேட்கிறதோ அங்கே ஒரு குறி. சத்தம் நீளமா, விட்டுவிட்டு வருகிறதா என்பதைக் கோட்டிலேயே காட்ட வேண்டும். தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் கலகலப்பும் குக்குறுவானின் சீரான தட்டலும் தாளில் ஒரே மாதிரி வராது. பஸ் ஹாரனையும் விடாமல் குறிக்கச் சொல்லுங்கள்.

7. கணக்கை வெளியே அனுப்புங்கள்

தாங்கள் எடுத்த கணக்கை வேறு யாரோ பயன்படுத்துவார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகளின் எழுத்தே மாறிவிடும். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிகள் ஒரு மரத்தைப் பதிவுசெய்து, வாரம் ஒருமுறை தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய் இவை இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதியலாம். புங்கை அதன் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததை இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் சொந்த ஊரிலிருந்தும் செய்வார்கள், அது இன்னும் நல்லது. கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கட்டும், பிள்ளைகளின் பெயரோ படமோ இணையத்தில் போக வேண்டியதில்லை.

8. பெயர் இப்போது

இதற்குள் ஒன்றிரண்டு பருவம் ஓடியிருக்கும். கூட்டிலை, இலைக்கழலை (அந்த முடிச்சுகள்), ஒளிச்சிதைவு (வெயிலில் நிறம் வெளுப்பது) என்ற சொற்களை இப்போது கொடுங்கள். பிள்ளைகள் தங்கள் பழைய பக்கங்களைப் புரட்டி, எந்தப் படத்துக்கு எந்தச் சொல் என்று தாங்களே அம்புக்குறி போட வேண்டும். மரத்துக்கும் அப்படித்தான்: வீட்டில் பாட்டி தாத்தா என்ன சொல்கிறார்கள் என்பது முதலில், பொங்கேமியா பின்னேட்டா என்ற அறிவியல் பெயர் அடுத்து, அதே மரத்தை மில்லெட்டியா என்றும் எழுதுகிறார்கள் என்பது மூன்றாவது.

மதிப்பெண் எப்படி? படத்தின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் இரண்டாவது வாரமே பாதி வகுப்பு ஒதுங்கிவிடும். தேதியும் நேரமும் இருக்கிறதா, அளவு இருக்கிறதா, பக்கத்துக்கு ஒரு கேள்வியாவது இருக்கிறதா, முந்தைய பக்கத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்களா, இவ்வளவுதான். தேர்வில் பின்தங்கும் சில பிள்ளைகள் இதில் முன்னால் வருவதைப் பார்ப்பீர்கள். ஊரில் ஆடு மேய்ப்பவர்கள், வயலுக்குப் போகிறவர்கள் இலையைப் பார்க்கும் கண் வேறு.

9. காட்சிக்கு வைப்பது

சார்ட் பேப்பர், தெர்மாக்கோல் மாதிரிகள், ரிப்பன் எதுவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் மரத்துக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையே கயிறு கட்டி, நோட்டுகளைத் திறந்த பக்கத்தோடு கிளிப்பில் தொங்கவிடுங்கள். மஞ்சள் படங்கள் மட்டும் நிழல் பக்கம். ஒவ்வொரு நோட்டுக்குப் பக்கத்திலும் அதை வரைந்தவர் நிற்க வேண்டும், பேச்சை மனப்பாடம் செய்யாமல். பெற்றோர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால், இலையைக் கையில் கொடுத்து அவர்களையே பார்க்கச் சொல்லலாம்.

கயிற்றின் கடைசியில் ஒரு நீளத்தாள். ஆண்டு முழுக்கப் பதில் கிடைக்காமல் நின்ற கேள்விகளை எல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள்: சாலைப் பக்கத்துக் கிளையில் முடிச்சு ஏன் குறைவு, ஒரே மரத்தில் ஒரு கிளை மட்டும் ஏன் முன்னால் துளிர்க்கிறது, காயை அணில் தொடாதது ஏன். அந்தத் தாளைச் சுருட்டி ஆய்வக அலமாரியில் வையுங்கள். ஜூனில் புது வகுப்பு வந்ததும் முதல் மரத்தடி வகுப்பு அதிலிருந்து ஒரு கேள்வியோடு தொடங்கலாம்.